நட்டு போல்ட்டு: பின் கதவு ஏன் திறக்கல?

போன வாரம் ஹாஸ்டல் மிக்ஸியைப் பிரிச்சு மேய்ஞ்சோம்ல... இந்த வாரம் கார். உடனே ஸ்பாய்லர், அலாய் வீல்னு கற்பனைக் குதிரையைத் தட்டி விடாதீங்க. எங்க சித்தப்பாவோட 1999 மாடல் மாருதி 800. கலர் வெள்ளை. (இப்ப அதை வெள்ளைன்னு சொன்னா சுண்ணாம்பு கோவிச்சுக்கும்.)

அதுலயும் இன்ஜின் பத்தி இல்ல, கியர் பாக்ஸ் பத்தி இல்ல. டோர் பேடு. கார் கதவை உள்ள இருந்து பார்த்தா ரெக்ஸின் ஒட்டின ஒரு பலகை தெரியுமே, அதேதான். நம்ம புத்தகத்துல 'இன்டீரியர் ட்ரிம் பேனல்'னு பந்தாவா போட்டிருப்பாங்க. சிவகாசியில குஷன் கடைக்குப் போய் அப்படிக் கேட்டுப் பாருங்க, உங்களை மேலயும் கீழயும் பார்ப்பாங்க. டோர் பேடுன்னாதான் எடுத்துத் தருவாங்க.

'ஒரு பலகையைக் கழட்டி மாட்டுறதுல என்ன பாஸ் மேட்டர் இருக்கு?' மூணாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்படி நினைச்சது நான், வலியை அனுபவிச்சது எங்க அப்பத்தா.

முதல்ல ஊரைச் சொல்லிடுறேன். தாயில்பட்டி. வெம்பக்கோட்டை பக்கம். பேப்பர்ல எங்க ஊர் பேரைப் பார்த்திருந்தீங்கன்னா அனேகமா பட்டாசு விபத்துச் செய்தியில பார்த்திருப்பீங்க. சித்தப்பா பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஏத்திட்டுப் போற வேன் ஓட்டுறாரு. சித்தி பதினெட்டு வருஷமா சரவெடி பின்னுறாங்க. 2011-ல செகண்ட் ஹேண்டுல வாங்கின இந்த மாருதிதான் எங்க தெருவுக்கே அவசர வண்டி. பிரசவ வலியா, பாம்புக்கடியா, கம்பெனியில வெடிச்சிடுச்சா... 108 ஒரு பக்கம் வந்துட்டு இருக்கும், சித்தப்பா இன்னொரு பக்கம் வண்டியைக் கிளப்பிடுவாரு. தீக்காயம் பட்டவங்களை எத்தனை பேரை இந்த பின் சீட்டுல படுக்க வெச்சு சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காருன்னு அவருக்கே கணக்குத் தெரியாது. ஈரத் துணியோட ஏத்துவாங்க. அதனால பின் சீட்டும் பின் கதவும் எப்பவும் மத்த இடத்தைவிட மோசமாத்தான் இருக்கும்.

மாருதி 800-ஐ ஓட்டை வண்டின்னு யாரும் சிரிக்க வேண்டாம். 1983 டிசம்பர் 14-ல முதல் வண்டியோட சாவியை ஹர்பால் சிங்ங்கிற டெல்லிக்காரர்கிட்ட கொடுத்தது பிரதமர் இந்திரா காந்தி. டி.ஐ.ஏ. 6479 நம்பர் போட்ட அந்த வண்டியைப் புதுசு மாதிரி சரி பண்ணி இப்ப கம்பெனி தலைமை ஆபீஸ்ல காட்சிக்கு வெச்சிருக்காங்க. 796 சி.சி., மூணு சிலிண்டர். 2014 ஜனவரியில தயாரிப்பை நிறுத்துறதுக்குள்ள இந்தியாவுல மட்டும் 25 லட்சத்துக்கும் மேல வித்துடுச்சு. நம்மள்ல பாதிப் பேரோட அப்பாவோ மாமாவோ ஸ்டீயரிங் பிடிச்சுப் பழகினதே இதுலதான் இருக்கும்.

சரி, கதைக்கு வர்றேன். செமஸ்டர் லீவு. மே மாசம். இடது பக்க பின் கதவோட டோர் பேடு கீழ்ப்பக்கம் உப்பி, ரெக்ஸின் உரிஞ்சு, ஓட்டும்போது 'கடகட'ன்னு ஆடிட்டு இருந்துச்சு. "சித்தப்பா, நான் சரி பண்ணித் தர்றேன்"னு சவடால் விட்டேன். மெஷின் டிசைன்ல 82 மார்க் வாங்கின திமிர்!

முதல் ஒரு மணி நேரம் கண்ணாடி ஏத்தி இறக்குற ஹேண்டிலைக் கழட்டவே முடியல. ஸ்க்ரூ எங்கேயும் இல்ல. இழுத்தா வரல. நான் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நெம்புறதைப் பார்த்துட்டு சித்தப்பா வந்தாரு. ஒரு பழைய பனியன் துணியைக் கிழிச்சாரு. ஹேண்டிலுக்கும் டோர் பேடுக்கும் நடுவுல விட்டு, செருப்புக்குப் பாலிஷ் போடுற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தாரு. 'டிங்'னு ஒரு கம்பி துள்ளி விழுந்துச்சு. குதிரை லாடம் மாதிரி ஒரு ஸ்பிரிங் கிளிப். ஹேண்டிலுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்து அதைப் பிடிச்சுட்டு இருக்குறது அதுதான். துணியோட நூல் அதோட முனையில மாட்டி வெளிய இழுத்துடுது. நாலு வருஷப் படிப்புக்கும் ஒரு பனியன் துணிக்கும் நடந்த போட்டியில ஜெயிச்சது யாருன்னு நீங்களே சொல்லுங்க!

அடுத்து டோர் பேடு. இது கதவுல ஓரம் பூரா பிளாஸ்டிக் கிளிப்புல நிக்குது. கதவுத் தகட்டுல ஓட்டை, பேடுல கிளிப். அழுத்தினா 'டப்'னு உட்காரும். எடுக்குறதுக்கு ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்துலயே நெம்பணும். நான் என்ன பண்ணேன்? ஒரு மூலையில இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரே இழுப்பு. கிளிப்பு பாதி உடைஞ்சுது, மீதி பலகையைப் பிச்சுக்கிட்டு கதவுலயே நின்னுடுச்சு.

அந்தப் பலகையைப் பத்தி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். அது ஹார்டுபோர்டு. மர நாரைச் சூட்டுல வெச்சு அழுத்திச் செய்யுறது. 1924-ல அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல, லாரல்ங்கிற ஊர்ல வில்லியம் மேசன் கண்டுபிடிச்சது. மரம் அறுக்குற ஆலையில வீணாப் போற சிம்பை வெச்சு என்ன பண்ணலாம்னு யோசிச்ச மனுஷன். தனியா பசை வேண்டாம், மரத்துல இருக்குற லிக்னினே பிடிச்சுக்கும். பழைய கார்கள்ல உலகம் பூரா கதவுக்குள்ள இருந்தது இந்த மாதிரிப் பலகைதான். லேசு, மலிவு, நல்லா வளையும். ஒரே ஒரு எதிரி, தண்ணி. நனைஞ்சா உப்பும், காய்ஞ்சாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.

என் கையில இருந்த பலகை உப்பிப் போய், கிளிப் ஓட்டையெல்லாம் வாய் பிளந்து கிடந்துச்சு. புதுசு செய்யணும். சிவகாசிக்காரனுக்கு அட்டைக்கா பஞ்சம்? நாலு பழைய தினசரிக் காலண்டர் அட்டையை டேப் போட்டு ஒட்டி, கதவு மேல வெச்சு அளவு எடுத்தேன். கூடப் படிக்கிற ஒருத்தனோட வீட்டுல பெட்டிக்கு டை கட்டிங் பண்ற பட்டறை இருக்கு. அங்க போய், காலண்டருக்கும் நோட்டு பைண்டிங்குக்கும் போடுற கிரே போர்டுல கனமானதா ரெண்டு ஷீட் வாங்கி, ஒட்டி, அறுத்தேன். மேல கறுப்பு ரெக்ஸின். பார்க்க ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. தெருவே வந்து தடவிப் பார்த்துட்டுப் போச்சு.

மாட்டும்போது ரெண்டு வேலை செஞ்சேன். ரெண்டுமே தப்பு.

ஒண்ணு, பலகைக்குப் பின்னால கதவுத் தகட்டு மேல ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்துச்சு. ஓரத்துல தார் மாதிரி கறுப்புப் பசை. கையெல்லாம் பிசுபிசுன்னு ஆகவும், கிழிச்சுக் குப்பையில போட்டேன். எங்க ஊர்ல எங்க மழை பெய்யுது? 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தப்ப, அந்தத் தொழில் இங்க வேர் விட்டதுக்குக் காரணமே இந்தக் காய்ஞ்ச காத்தும் வெயிலும்தானே!

ரெண்டாவது, ஆர்ம்ரெஸ்ட். கதவைச் சாத்துறப்ப பிடிச்சு இழுப்போமே, அந்தக் கைப்பிடி. அதோட ஸ்க்ரூ ஒண்ணு போட்டா நிக்கவே இல்ல, சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு. வீட்டுல சுவிட்ச் பாக்ஸ் மாட்டி மிச்சம் இருந்ததுல ஒன்றரை இன்ச் ஸ்க்ரூ ஒண்ணை எடுத்து முறுக்கினேன். கும்முன்னு பிடிச்சுக்கிச்சு. 'பலமா இருக்கு'ன்னு தட்டிப் பார்த்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

ஐப்பசி. தீபாவளி முடிஞ்சு கம்பெனியெல்லாம் லீவு. லீவு இல்லாட்டியும் மழை நாள்ல பட்டாசு வேலை நடக்காது, மருந்து காயணுமே. அந்த வாரம் விடாம பெஞ்சுச்சு. ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும், அப்பத்தா திண்ணையில சறுக்கி விழுந்துட்டாங்க. எந்திரிக்க முடியல. இடது காலை அசைச்சாலே கத்துறாங்க. நானும் சித்தப்பாவும் தூக்கி பின் சீட்டுல ஏத்தினோம். சித்தி மடியில காலை நீட்டி, முதுகு இடது கதவுல சாயுற மாதிரி உட்கார வெச்சோம். ஓடுற வண்டியில கதவு திறந்துக்கிட்டா என்ன ஆகுறதுன்னு சித்தப்பா இடது பக்க லாக்கை அமுக்கி விட்டாரு.

ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர் ரெடி. இடது பக்கம் கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. கதவு திறக்கல. சித்தி உள்ள இருந்து லாக்கைத் தூக்கப் பார்க்குறாங்க, வரல. வெளிய நான் ஹேண்டிலை இழுக்குறேன், வரல. நடுவுல நின்னுக்கிட்டு மேலயும் போகல, கீழயும் போகல. சித்தப்பா வந்து பலம் கொண்ட மட்டும் தட்டினாரு. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ள அப்பத்தா "யம்மா"ன்னாங்க. கடைசியில வலது கதவு வழியா, சீட்டு மேலேயே இழுத்து இழுத்து இறக்கினோம். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். புருஷன் செத்தப்பகூட சத்தமா அழாத பொம்பளைன்னு எங்க ஊர்ல அப்பத்தாவைச் சொல்வாங்க. அன்னிக்கு அழுதாங்க.

தொடை எலும்பு, இடுப்புக்குப் பக்கத்துல முறிவு. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அங்க ஆபரேஷன். நான் மெதுவா டாக்டர்கிட்ட, "சார், சீட்டுல இழுத்ததால ஜாஸ்தியாயிருக்குமா?"ன்னு கேட்டேன். "விழுந்தப்பவே உடைஞ்சது தம்பி. இழுத்ததுல வலிதான் கூடியிருக்கும்"னாரு. ஆறுதலுக்குத்தான் சொன்னாரு. அந்த 'வலிதான்' எனக்கு நாலு நாள் தூக்கம் கொடுக்கல.

வீட்டுல யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கல. யாருக்கும் என் மேல சந்தேகமே வரல. சித்தப்பா வண்டியைத்தான் திட்டினாரு. "வயசாயிடுச்சு இதுக்கு. காயலான் கடைக்குப் போட்டுரலாம்." காரணமும் இருக்கு. 15 வருஷம் தாண்டின காரோட ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணம், 2022 ஏப்ரல்ல இருந்து 5,000. 2024-ல கட்டினாரு. 2025-ல வந்த விதிப்படி 20 வருஷம் தாண்டின காருக்கு அது 10,000. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான், ஆனா வேன் டிரைவருக்கு அது சின்னத் தொகை இல்ல. 'திறக்காத கதவுக்கு பத்தாயிரமா?'ன்னு அவர் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?

அடுத்த ஞாயித்துக்கிழமை யாருக்கும் சொல்லாம டூல்ஸை எடுத்துட்டுப் போய் கதவு முன்னாடி உட்கார்ந்தேன். லாக்கோட மல்லுக்கட்டி, ஒரு வழியா கதவைத் திறந்தேன். முதல்ல சைல்டு லாக்கைப் பார்த்தேன். பின் கதவு ஓரத்துல, சாத்தினா தெரியாத இடத்துல இருக்குற குட்டி லீவர். அது போட்டிருந்தா உள்ள இருந்து மட்டும்தான் திறக்காது, வெளிய இருந்து திறக்கும். நம்ம கேஸ் ரெண்டு பக்கமும் திறக்காத கேஸ். அப்ப கோளாறு உள்ள.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பின்னால இருந்து சித்தி குரல். "இரும்பை வெச்சா நெம்புற? போன தடவை அப்படித்தானேய்யா பிச்ச?"

சித்தி வேலை பார்க்குற ரூமுக்குள்ள இரும்புச் சாமானே விடமாட்டாங்க. உரசினா பொறி பறக்கும்னு மரம், பித்தளை, செம்புன்னுதான் கருவியெல்லாம் இருக்கும். பதினெட்டு வருஷப் பழக்கம் வீட்டுலயும் விடாது. அடுப்படிக்குப் போய் ஒரு பழைய மரக் கரண்டியை எடுத்து வந்து, அதோட தட்டை நுனியை பேடுக்கும் தகட்டுக்கும் நடுவுல விட்டாங்க. கீழ் ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு, விரலால தடவி கிளிப் இருக்குற இடத்தைக் கண்டுபிடிச்சு, அதுக்குப் பக்கத்துலயே நெம்பினாங்க. டப்... டப்... ஒண்ணு உடையல. கடைக்காரங்க இதுக்குன்னு பிளாஸ்டிக் நெம்புகோல் செட்டு விக்கிறாங்க. எங்க வீட்டுல அது சாம்பார் கிண்டிட்டு இருந்திருக்கு!

பேடு வெளிய வந்துச்சு. என் அழகான கிரே போர்டு, டீயில முக்கின பொறை மாதிரி இருந்துச்சு. கீழ்ப்பாதியைத் தொட்டா விரல் உள்ள போகுது.

இங்கதான் நான் கிழிச்சு எறிஞ்ச பிளாஸ்டிக் தாளோட மதிப்பு புரிஞ்சுது. நாம நினைக்குறது, மழைத்தண்ணி கண்ணாடி ரப்பரைத் தாண்டி உள்ள வராதுன்னு. வரும். எந்தக் காரா இருந்தாலும் கொஞ்சம் வரும். அதைத் தடுக்குறது டிசைன் இல்ல, வந்த தண்ணியைக் கதவுக்குள்ளேயே கீழ இறங்க விட்டு, அடிப்பக்க ஓட்டை வழியா ரோட்டுக்கு அனுப்புறதுதான் டிசைன். அந்தத் தண்ணி பலகைப் பக்கம் சிதறாம தள்ளி விடுறதுக்குத்தான் அந்தத் தாள். அதைக் கிழிச்சுட்டா பலகை நேரா மழையில நனையுற மாதிரி. எங்க கதவுல அடிப்பக்க ஓட்டையும் புழுதியில அடைஞ்சு போயிருந்துச்சு. ஈர்க்குச்சியால குத்தினதும் அரை டம்ளர் செவ்வண்டல் தண்ணி என் காலு மேல ஊத்துச்சு.

ஆனா கதவு திறக்காததுக்குக் காரணம் தண்ணி இல்ல. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஆர்ம்ரெஸ்ட் ஸ்க்ரூ போற இடத்துல, தகட்டுக்கு உள்பக்கம் ஏதோ பளபளன்னுச்சு. லாக்குக்குப் போற கம்பி. பென்சில் பாதி கனம் இருக்கும். அதுல ஒரு இடத்துல மட்டும் துரு போய், வெள்ளி மாதிரி தேய்ஞ்சிருக்கு. பேடைப் பழைய இடத்துல பிடிச்சு, அந்த ஒன்றரை இன்ச் ஸ்க்ரூவைத் திரும்ப முறுக்கினேன். இடுக்கு வழியா சித்தி டார்ச் அடிக்க, நான் பார்க்குறேன்... ஸ்க்ரூவோட கூர் முனை நேரா வந்து அந்தக் கம்பியை இடிக்குது. லாக்கை அமுக்கினா, கம்பி வளைஞ்சு முனையைத் தாண்டிக் கீழ போயிடுது. தூக்கினா, கம்பியில இருக்குற மடிப்பு முனைக்கு அடியில போய் மாட்டிக்குது. போகும், வராது. ராட்செட்! கினமேட்டிக்ஸ்ல படம் போட்டு பத்து மார்க் வாங்கின அதே ராட்செட்டை நான் கையால செஞ்சு எங்க அப்பத்தா முதுகுக்குப் பின்னால மாட்டி வெச்சிருக்கேன். மே மாசத்துல இருந்து அந்தக் கதவு லாக்கை யாரும் உள்ள இருந்து போட்டதே இல்ல. அன்னிக்குத்தான் முதல் தடவை.

சித்தி ஸ்க்ரூவையும் பார்த்தாங்க, என்னையும் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல. "கழட்டு. ஒழுங்கா செய்"னாங்க. அவ்வளவுதான்.

ஒழுங்கா செய்யுறதுன்னா எப்படி? பழைய ஸ்க்ரூ ஏன் நிக்கலைன்னு மே மாசமே நான் கேட்டிருக்கணும். அந்த ஸ்க்ரூ தகட்டுல நேரா பிடிக்குறதே இல்ல. தகட்டு ஓட்டையில ஒரு வெள்ளை நைலான் குமிழ் இருக்கும், ஸ்க்ரூ அதுக்குள்ள போய் அதை விரிச்சுப் பிடிக்கும். எங்களுது எப்பவோ உடைஞ்சு விழுந்திருக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒரு டீ விலைக்குள்ள வேலை முடிஞ்சுது. அது இல்லாம, ஓட்டை பெருசுன்னு நீள ஸ்க்ரூ போட்டா பிடிமானம் வராது, உள்ள இருக்குற எதையாவது குத்தும். கண்ணாடி இறங்குற பாதை, லாக் கம்பி, கிளாஸ் மிஷின் எல்லாம் அந்தப் பலகைக்குப் பின்னால ரெண்டு விரக்கடை தூரத்துலதான் இருக்கு. இப்பல்லாம் ஓட்டையில ஈர்க்குச்சியை விட்டு, உள்ள எதுல இடிக்குதுன்னு அளந்துட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொடுறேன்.

பலகைக்கு இந்தத் தடவை 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு. அளவுக்கு அதே காலண்டர் அட்டைதான், அது மட்டும் நல்ல ஐடியா. அறுத்த ஓரத்துலயும் பின்பக்கத்துலயும் கிளிப் ஓட்டையைச் சுத்தியும் ரெண்டு கோட்டு ஆயில் பெயின்ட். தண்ணி ஏறுறது ஓரத்து வழியாத்தான். ஒட்டுறதுக்கு எஸ்.ஆர். பசை. பலகையிலயும் ரெக்ஸின் பின்பக்கமும் தடவி, பத்து நிமிஷம் காய விட்டு, தொட்டா ஒட்டாத பதத்துல சேர்க்கணும். ஈரமா இருக்கும்போதே ஒட்டினா வெயில்ல கொப்புளம் வரும். அந்தப் பசையோட ஆவி சட்டுன்னு தீப்பிடிக்கும், அதனால சித்தி என்னைத் தெருவைத் தாண்டி வேப்ப மரத்தடிக்குத் துரத்திட்டாங்க. பீடி பத்த வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவையும் சேர்த்து.

கிழிச்சு எறிஞ்ச தாளுக்குப் பதிலா கனமான பாலித்தீன் ஷீட், ஓரத்துக்கு பியூட்டைல் டேப். சாதா டபுள் சைடு டேப் எங்க ஊர் வெயிலுக்கு ரெண்டு வாரம் தாங்காது. தாளோட கீழ் நுனியை மட்டும் கதவு ஓட்டைக்குள்ள மடிச்சு விடணும், அப்பத்தான் அதுல வழியுற தண்ணி உள்பக்கமே இறங்கும். இதை நான் கதவைப் பார்த்துக் கண்டுபிடிக்கல. உடையாம இருந்த வலது கதவைத் திறந்து, கம்பெனி எப்படிச் செஞ்சிருக்குன்னு காப்பி அடிச்சேன். பரீட்சையில பிட் அடிச்சாதான் தப்பு!

மாட்டுறப்ப மேல் ஓரம் முதல்ல. கண்ணாடி ரப்பர் பக்கம் தொங்க விட்டுட்டு, அப்புறம் கிளிப் ஒவ்வொண்ணா. எந்தக் கிளிப்பும் ஓட்டைக்கு நேரா இருக்கான்னு பார்க்காம கையால குத்தக் கூடாது, மடங்கிடும். என் காதுக்கு எல்லா 'டப்'பும் ஒண்ணுதான். சித்தி மட்டும் மூணாவது கிளிப்புல கையை நிறுத்தி, "இது உட்காரல"ன்னாங்க. நான் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. கழட்டினா, முனை ஒரு ஓரமா மடங்கியிருக்கு. ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் வெடியைத் திரியோட சேர்த்துப் பின்னுற விரல். அதுக்கு எந்த காலேஜும் இன்டர்னல் மார்க் போடுறதில்ல.

பேடை மூடுறதுக்கு முன்னாடி லாக்கை இருபது தடவை அமுக்கித் தூக்கினேன். மூடினப்புறம் இன்னொரு இருபது. அப்புறம் ஒரு வாளி தண்ணியைக் கண்ணாடி மேல ஊத்தினோம். உள்ள சொட்டு இல்ல. கதவுக்கு அடியில ரெண்டு இடத்துல வழிஞ்சு மண்ணுல போச்சு. சித்தி அதைக் குனிஞ்சு பார்த்துட்டு, "நம்ம வீட்டுக் கூரையும் இப்படி ஒழுகினா நல்லாருக்கும்"னாங்க!

அப்பத்தா இப்ப வாக்கர் பிடிச்சு வாசல் வரைக்கும் வர்றாங்க. அவங்ககிட்ட நான் இன்னும் சொல்லல. சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் வேனை நிறுத்திட்டு வந்து மூஞ்சி கழுவிட்டு இருந்தாரு. ஒன்றரை இன்ச் ஸ்க்ரூவை எடுத்துட்டுப் போய் அவர் கையில வெச்சேன். "சித்தப்பா, கதவு திறக்காததுக்கு வண்டி காரணம் இல்ல. நான்தான். இதை நான்தான் போட்டேன்"னு ஆரம்பிச்சு, கம்பி, மடிப்பு, ராட்செட் எல்லாம் ஒரே மூச்சுல ஒப்பிச்சேன். அவர் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே கேட்டாரு. ஸ்க்ரூவை வெளிச்சத்துல பிடிச்சு, விரலால நீளத்தை அளந்தாரு. ரொம்ப நேரம் பேசல.

அப்புறம் கேட்டாரு: "முன் கதவு பேடும் நீதான மே மாசம் மாட்டின? அதுல எந்த ஸ்க்ரூ போட்ட?"

எனக்கு ஞாபகம் இல்ல. டார்ச்சையும் மரக் கரண்டியையும் எடுத்துட்டு ரெண்டு பேரும் மறுபடி வண்டிகிட்ட போனோம்.